செடி உயிரோடு இருந்தால் போதுமா?

மாணவர்களே, லூனாஸுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் பாடாங் செராய் இருக்கிறது. மலாய் மொழியில் 'பாடாங்' என்றால் திடல். 'செராய்' என்றால் நாம் சம்பலுக்கு அரைக்கும், தேநீரில் தட்டிப் போடும் எலுமிச்சைப் புல். அந்த ஊரின் பெயரே மணக்கும் ஒரு புல்லின் பெயர்தான்.

நம் தோட்டப்புற வீடுகளிலும் இந்த மணம் புதிதல்ல. வாசலில் துளசி, குழாயடியில் வெற்றிலை, வேலியோரம் கற்பூரவள்ளி, பின்பக்கம் செராயும் கறிவேப்பிலையும் வைத்திருப்பார்கள். லயத்து வீட்டைவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள்கூட ஒரு கற்பூரவள்ளிக் கிளையை ஒடித்துக்கொண்டுதான் போனார்கள். சளி பிடித்தால் இரண்டு இலை, தொண்டை கட்டினால் நான்கு துளசி என்று பாட்டி சொன்ன கணக்கை அம்மாவும் அப்படியே சொல்கிறார்.

அந்தக் கணக்கைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு இலை என்ற எண் மாறவில்லை. அந்த இரண்டு இலைக்குள் இருக்கும் சரக்கு மாறாமல் இருக்கிறதா? பிப்ரவரி வெயிலில் பறித்த இலையும் அக்டோபர் மழையில் பறித்த இலையும் ஒன்றா? ஒன்றல்ல என்கிறது அறிவியல். பருவநிலை மாற்றத்தால் மூலிகைகள் அழிந்துவிடும் என்று பலர் பேசுகிறார்கள். அழிவதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றின் மணமும் மருந்துச் சத்தும் மாறத் தொடங்கிவிடலாம். அதைக் கவனிக்க நம்மிடம் ஆளும் இல்லை, பதிவும் இல்லை. அந்த வேலையை நம் பள்ளிகள் செய்யலாம், செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

மணம் எங்கே இருக்கிறது?

ஒரு துளசி இலையைக் கைவில்லையின் கீழ் வைத்துப் பாருங்கள். இலைமேல் மெல்லிய முடிகளும் இடையிடையே பளபளக்கும் சிறு புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். விரலால் கசக்கும்போது அவை உடைகின்றன, மணம் வெளியே வருகிறது. கற்பூரவள்ளியும் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கும் சுரப்பிகள் இலையின் மேல்தோலில் உள்ளன. கறிவேப்பிலையில் அவை இலைக்கு உள்ளே இருக்கின்றன. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகளாகத் தெரியும்.

சுரப்பிகளில் இருப்பது ஆவியாகும் எண்ணெய். துளசியின் காரமான வாசனைக்குப் பெரும் காரணம் யூஜெனால். கிராம்பின் மணமும் அதுதான். செராயின் மணம் சிட்ரால். எலுமிச்சைத் தோலிலும் சிட்ரால் இருப்பதால்தான் அந்தப் புல்லுக்கு எலுமிச்சைப் புல் என்று பெயர் வந்தது. கற்பூரவள்ளியில் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டும் கிடைக்கின்றன. ஓமத்தில் இருப்பதும் தைமால்தான். கற்பூரவள்ளியை ஓமவல்லி என்று சிலர் அழைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

யூஜெனால், சிட்ரால், கார்வக்ரால், தைமால் ஆகிய நான்கின் மூலக்கூறுகளிலும் பத்துப் பத்துக் கார்பன் அணுக்கள் உள்ளன. அந்தக் கார்பன் எல்லாம் ஒளிச்சேர்க்கை மூலம் காற்றிலிருந்து வந்தது. ஆகவே மணம் என்பது செடியின் சேமிப்பு. வெயில், நீர், வெப்பம் இவற்றைப் பொறுத்துச் செடிக்கு வரவும் செலவும் மாறும். பச்சை இலையின் எடையில் இந்த எண்ணெய் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய சேமிப்பில் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

செடிக்கு மணம் எதற்கு?

துளசி நமக்காக மணப்பதில்லை. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டவே அது எண்ணெய் சுரக்கிறது. நமக்கு மருந்தாகத் தோன்றுவது செடிக்கு ஆயுதம்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மலாயில் காஹாரு என்று சொல்லப்படும் அகில் மரம் மலேசியக் காடுகளுக்கு உரியது. நோயில்லாத அகில் மரத்தை வெட்டினால் வெளுத்த, மணமற்ற கட்டைதான் கிடைக்கும். மரம் காயப்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை புகுந்தால், அதை எதிர்க்க மரம் கருநிறப் பிசினைச் சுரக்கிறது. உலகம் விலை கொடுத்து வாங்கும் அகில் மணம் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. மரம் அமைதியாக வாழ்ந்தால் மணம் இல்லை.

மணம் விதையில் மட்டும் எழுதப்பட்டதல்ல என்பதை அகில் நமக்குச் சொல்லித் தருகிறது. விதை கொடுப்பது ஆற்றல். அது எவ்வளவு வெளிப்படும் என்பதைச் சூழலும் சேர்ந்து முடிவு செய்கிறது.

வெயிலும் நீரும் வெப்பமும்

முதலில் ஒளி. லூனாஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகை அளவில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே 40 நிமிட வேறுபாடுகூட இல்லை. ஆகவே நம் செடிகளுக்குக் கிடைக்கும் ஒளியை மேகமும் நிழலும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. துளசி வகைச் செடிகளை நிழலில் வளர்த்தால் இலை அகலமாகவும் மென்மையாகவும் வரும், ஆனால் எண்ணெய் குறையும். பார்வைக்குச் செழிப்பாக இருக்கும் செடி மணத்தில் ஏமாற்றிவிடும்.

அடுத்தது நீர். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் பால் குறைவதும் அப்போதுதான். தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாத்தாவைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். மண்ணில் ஈரம் சற்றுக் குறையும்போது செடியின் வளர்ச்சி முதலில் நிற்கிறது. ஒளிச்சேர்க்கை உடனே நிற்பதில்லை. வளர்ச்சிக்குப் போகாத கார்பனின் ஒரு பகுதி எண்ணெய் போன்ற பொருள்களுக்குப் போகிறது. எனவே மிதமான வறட்சியில் இலை சிறுத்தாலும் மணம் கூடக்கூடும். வறட்சி முற்றினால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. வரவே நின்றுபோகிறது. அப்போது இலையும் இல்லை, எண்ணெயும் இல்லை.

நீர் மிகுந்தாலும் தொல்லைதான். மண்ணில் நீர் தேங்கினால் வேருக்கு உயிர்வளி கிடைக்காது. இஞ்சியும் மஞ்சளும் இத்தகைய மண்ணில் கிழங்கழுகல் நோய்க்கு ஆளாகின்றன. தொடர்மழையில் மேகம் ஒளியையும் மறைத்துவிடும்.

மூன்றாவது வெப்பம். இது இருபக்கமும் வெட்டும் கத்தி. ஓரளவு வெப்பம் இருந்தால்தான் எண்ணெய் உருவாக்கும் நொதிகள் நன்கு வேலை செய்யும். அதே வெப்பம் எண்ணெயை ஆவியாக்கிக் காற்றில் கலக்கவும் செய்கிறது. இரவு வெப்பத்தையும் மறக்காதீர்கள். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசம் மட்டும் நடக்கிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் செடியின் சுவாச வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொது விதி. இரவு சூடாக இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையில் அதிகமான பங்கை அது இரவிலேயே செலவழித்துவிடும்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி பாதிக்கப்படாது. செராய் கரும்பையும் சோளத்தையும் போல வெப்பத்தையும் கடும் ஒளியையும் நன்கு பயன்படுத்தும் ஒளிச்சேர்க்கை முறை கொண்டது. கற்பூரவள்ளி தடித்த இலையில் நீரைச் சேர்த்துவைக்கும். துளசிக்கு அந்த வசதி இல்லை. 'மூலிகைக்கு வெப்பம் நல்லதா, கெட்டதா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தச் செடி, எந்த அளவு வெப்பம், எவ்வளவு நாள் என்று கேட்க வேண்டும்.

நம் வானிலை எந்தப் பக்கம் போகிறது?

உலக வானிலை அமைப்பு 2024ஆம் ஆண்டை, பதிவுகள் தொடங்கியது முதல் மிக வெப்பமான ஆண்டு என்று அறிவித்தது. 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட அந்த ஆண்டு ஏறக்குறைய 1.55 பாகை செல்சியஸ் கூடுதல். காற்றில் உள்ள கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை. அது 1998 ஏப்ரல் 9ஆம் நாள், கெடாவுக்கு அடுத்த மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவானது. அது எல் நினோ காலம். 2016ஆம் ஆண்டின் எல் நினோவின்போது பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் வெப்பத்தின் காரணமாகப் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் தொடர்ந்து மூன்று நாள் 35 பாகையைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை கொடுக்கிறது. நமக்கு விடுமுறை கிடைத்தது. வேலியோரத் துளசிக்கு விடுமுறை உண்டா?

இதோடு ஊரின் முகமும் மாறிவிட்டது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் தாமான்களும் கடைவீடுகளும் எழுந்தன. இதை நான் குறை சொல்லவில்லை. உங்களில் பலருடைய பெற்றோருக்கு அங்கேதான் வேலை. ஆனால் சிமெண்டுச் சுவர் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடும். மண்ணில் நின்ற செடி இப்போது சுவரோரத் தொட்டியில் நிற்கிறது. தொட்டி மண் நிலத்து மண்ணைவிட விரைவாகச் சூடாகும், விரைவாகக் காயும். உலகம் மெல்ல அடைந்துவரும் மாற்றத்தை அந்தத் தொட்டிச்செடி ஒரே நாளில் அடைந்துவிட்டது.

'காய்ந்தால் மணம் கூடுமே, பிறகென்ன?'

வகுப்பில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை கற்பனை எண்கள்தான்.

நல்ல மழையுள்ள மாதத்தில் ஒரு செடி 100 கிராம் இலை தருகிறது, அதில் எண்ணெய் 0.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மொத்த எண்ணெய் 0.5 கிராம். வறட்சியில் இலை 60 கிராமாகக் குறைகிறது, எண்ணெய் 0.7 விழுக்காடாக உயர்கிறது. மொத்தம் 0.42 கிராம். ஓர் இலையை முகர்ந்தால் மணம் கூடியிருக்கிறது. செடி முழுவதையும் கணக்கிட்டால் குறைந்திருக்கிறது. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் சிறு விவசாயிக்கு இது நட்டம். இரண்டு இலை பிழிந்து குழந்தைக்குக் கொடுக்கும் தாய்க்கோ, அந்த இரண்டு இலை முன்பைவிடக் காரமாகிவிட்டது.

அதனால்தான் மூலிகையை ஒரே சீரான மருந்து என்று எண்ணக்கூடாது என்கிறேன். மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில் சரக்கு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். வேலியோர இலையில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. தொண்டை கரகரப்புக்குத் துளசித் தேநீர் குடிப்பதில் தவறில்லை. விடாத காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

மலைமேல் ஏறிய செடிக்கு எங்கே இடம்?

'மூலிகை காட்டுச்செடிதானே, எதையும் தாங்கும்' என்று சொல்பவர்களும் உண்டு. துளசியையும் செராயையும் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. மலைப்பயிர்களின் கதை வேறு.

குனோங் ஜெராயின் உச்சி 1,217 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரைப் பாகை குளிரும். அதாவது உலகம் 1 பாகை சூடேறினால், அதே குளிர்ச்சியைத் தேடிச் செடி ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்குமேல் எங்கே போவது?

நம் சமையலிலும் நாட்டு மருந்திலும் உள்ள ஏலக்காய் இப்படிப்பட்ட செடி. கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலமலைப் பகுதியில், மர நிழலிலும் ஈரக்காற்றிலும் அது வளர்கிறது. தேனி மாவட்டத் தமிழர்கள் பலர் எல்லை தாண்டி அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. 2024 கோடையில் மழை பொய்த்து வெப்பம் ஏறியபோது இடுக்கியில் பல ஏலத்தோட்டங்கள் காய்ந்துபோயின. அங்கே மணம் குறைவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை, செடியே போய்விட்டது. தோட்டக்காரருக்கு நட்டம், தினக்கூலிக்குப் போனவருக்கு வேலை இல்லை. தோட்ட வேலையை அறிந்த நம் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பள்ளித் தோட்டம் ஆய்வுக்கூடமாகட்டும்

பல பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அழகான பலகை இருக்கிறது, அதில் செடியின் பெயரும் பயனும் எழுதியிருக்கிறது. போட்டிக்கு நீதிபதிகள் வரும் வாரத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். எந்தச் செடி எப்போது நட்டது, எந்த மாதம் வாடியது, எந்த ஆண்டு பூத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஏடு இல்லை. இதை மாற்றப் பெரிய செலவு தேவையில்லை.

கற்பூரவள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒன்பது கிளைகளை ஒடித்து நட்டால் ஒன்பதும் மரபணுவில் ஒன்றே. அவற்றுக்கிடையே வேறுபாடு தோன்றினால் விதையைக் குற்றம் சொல்ல முடியாது. இயற்கையே கட்டுப்படுத்தப்பட்ட மாறியை இலவசமாகக் கொடுத்துவிட்டது! ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண், ஒரே அளவு நீர் என்று வைத்து, மூன்றைத் திறந்தவெளியிலும், மூன்றை மர நிழலிலும், மூன்றைச் சிமெண்டுச் சுவரோரமும் வையுங்கள். இடம்தான் தற்சார்பு மாறி.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெப்பமானியைக் கட்டுங்கள். காலையும் நண்பகலும் குறித்துக்கொள்ளுங்கள். நேர்ச்சுவருள்ள புட்டியை வெட்டி, அளவுகோல் ஒட்டினால் மழைமானி தயார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலையின் நீளத்தையும் எடையையும் அளந்து எழுதுங்கள். நுண்ணோக்கியில் ஒரு குறிப்பிட்ட பரப்பில் எத்தனை சுரப்பிகள் என்று எண்ணுங்கள். மணத்தையும் சோதிக்கலாம். இலைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, எது எந்த இடத்து இலை என்று தெரியாத ஐந்து நண்பர்களை முகரச் சொல்லி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தெரிந்தவர் முகர்ந்தால் மூக்குக்கு முன் மனம் பதில் சொல்லிவிடும்.

இதில் ஒரு பள்ளியின் ஓராண்டுப் பதிவு பருவநிலை மாற்றத்தை நிரூபித்துவிடாது. பருவநிலை என்பது பல பத்தாண்டுகளின் சராசரி. ஆனால் இன்று படிவம் ஒன்றில் இருக்கும் நீங்கள் தொடங்கி, படிவம் ஐந்தில் அடுத்த தம்பி தங்கைகளிடம் ஏட்டை ஒப்படைத்தால், லூனாஸில் ஐந்தாண்டுப் பதிவு இருக்கும். கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பாலிங்கிலும் உள்ள பள்ளிகள் இதையே செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த எல் நினோ வரும்போது 'அந்தக் காலத்தில் துளசி இதைவிட மணக்கும்' என்ற பெரியவர்களின் பேச்சுக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் எண்கள் இருக்கும்.

பெரியவர்களின் பேச்சையும் சேர்த்து எழுதுங்கள். மழை விட்ட உடனே பறிக்காதே, பூ வருமுன் பறி, வெயில் ஏறுமுன் பறி என்று அவர்கள் சொல்லும் குறிப்புகளில் பல, பல தலைமுறைகள் கவனித்துக் கண்டவை. சில தவறாகவும் இருக்கலாம். எது சரி என்று சோதிக்க உங்களிடம் ஒன்பது தொட்டிகள் இருக்கின்றன. லயங்களில் வாழ்ந்த அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. செடியைக் கிளை ஒடித்துக் காப்பாற்றிவிடலாம். அவர்கள் அறிந்ததை எழுதிவைத்தால்தான் உண்டு.

ஜனவரி வறட்சி வருமுன் தொட்டிகளைத் தயார் செய்யுங்கள். கிளை வேர்விட மூன்று வாரம் போதும். ஏட்டின் முதல் பக்கத்தில் தேதியையும் தாய்ச்செடி யார் வீட்டுச் செடி என்பதையும் எழுதுங்கள். மற்றதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள், அவர் மகிழ்ச்சியோடு உதவுவார்.